பின்னால் வரைந்த கோடு

காசிமேட்டு விசைப்படகுக்காரர் ஒருவரை நான் தெரிந்தே ஏமாற்றினேன். பணத்துக்காக அல்ல, கெட்டிக்காரன் என்ற பேருக்காக.

அப்போது நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறையில் பகலெல்லாம் ராயபுரத்தில் ஒரு பங்குத் தரகரின் மாடி அறையில் கிடப்பேன். சந்தைக்கு அமைதி, கொந்தளிப்பு என்று இரண்டு நிலைகள் உண்டு என்பது என் கணக்கு. இன்றைக்கு எந்த நிலை என்பது கண்ணுக்குத் தெரியாது. விலைகள் ஆடும் ஆட்டத்தை வைத்து, கொந்தளிப்புக்கான வாய்ப்பைக் கோடாக வரைவேன். முந்தைய வீழ்ச்சிக்குச் சில நாள் முன்பே அந்தக் கோடு எழும்பியிருந்ததை அங்கே பங்கு வாங்க விற்க வரும் எல்லோருக்கும் காட்டினேன். அதை வரைந்தது வீழ்ச்சிக்குப் பிந்தைய விலைகளையும் சேர்த்துத்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்றன்றைய விலைகளை மட்டும் வைத்தால், சந்தை சரிந்த பிறகே அது எழும்பும்.

அவர்களில் ஒருவரான அந்தப் படகுக்காரர் நெடுநேரம் கோட்டைப் பார்த்தார். "வாத்தியாரே, ஹார்பர்ல புயல் கூண்டு ஏத்துனா நாங்க கடலுக்குப் போவ மாட்டோம். உன் கோட்டையும் அப்டி நம்பலாமா?"

நம்பலாம் என்றேன்.

மீன்பிடித் தடைக்காலம் அது. படகு கரையில் நிற்கும்போதே பழைய இன்ஜினை மாற்ற வேண்டும். அதற்கான பணம் பங்குகளில் இருந்தது. தடை முடியச் சில நாள் இருக்கும்வரை விற்காமல் வைத்திருக்கலாம் என்று என் கோட்டைப் பார்த்து முடிவுசெய்தார்.

ஒரு காலையில் விலைகள் சரியத் தொடங்கின. அறையில் யாரும் உட்காரவில்லை. அவர் என் தோளருகே வந்து நின்றார்.

"இன்னா வாத்தியாரே, கோடு இன்னும் படுத்துகினு கீது?"

விற்றுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அமைதி நிலைதான் என்றேன். அவர் விற்கவில்லை. கோடு எழும்பியபோது விற்பதற்கு மதிப்பாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

சில நாள் கழித்து பிந்தைய விலைகளைச் சேர்த்த கோடு, சேர்க்காத கோடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, அதே அறையில் உண்மையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். "அது கெடக்கட்டும் சார், நாளைக்கு மார்க்கெட் எப்டி?" என்றார் ஒருவர்.

படகுக்காரர் அங்கே இல்லை. துறைமுகத்துக்குப் போய் அவரிடமும் சொன்னேன். இன்ஜின் செலவை நானே ஏற்பதாகவும் சொன்னேன். வலையிலிருந்து தலை நிமிராமல் பேசினார்.

"தெரியாம சொல்லியிருந்தா பரவால்ல. நான் பக்கத்துல நிக்கசொல்ல, தெரிஞ்சிகினே சொன்ன பாரு. உன் துட்டுல ஓட்ற இன்ஜின் எனுக்கு வாணாம்."

தடை முடிந்ததும் படகை விற்றுவிட்டு, வேறொருவர் படகில் கூலிக்குப் போனார். நான் மீன் வாங்கப் போகும்போது ஏலத்தில் எத்தனையோ முறை எதிரெதிரே நின்றிருக்கிறோம். பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சு கொடுத்தபடி கடந்து போய்விடுவார்.