கார்மேகத்தின் கழுதை

அந்தக் குதிரைக்கு ரீம் என்று பெயர். அரபியில் மான் என்று அர்த்தமாம். அதை மானாக நினைத்தது எங்கள் முதலாளி அர்பாப் ஒருத்தர்தான். அதைக் குளிப்பாட்டி, தீவனம் வைத்து, லத்தி அள்ளிய கார்மேகம் கடைசி வரை கழுதை என்றுதான் கூப்பிட்டான்.

அமீரகத்தில், புஜைராவுக்கு வெளியே மலையடிவாரத்தில் இருந்தது அர்பாப்பின் லாயம். நான் அங்கே குதிரை லாரி ஓட்டினேன். கார்மேகம் கமுதிப் பக்கத்துக்காரன், ஆடு மேய்த்தவன். வரும் முன்பு அவன் பார்த்த குதிரை எல்லாம் அய்யனார் கோயில் மண் குதிரைதான். நிஜக் குதிரை தலையை ஆட்டியதும் முதல் வாரம் வேலி ஏறிக் குதித்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆனால் வாய் மட்டும் பயப்படவில்லை. ஆட்டோடு பேசியே வளர்ந்த வாய் அது. தேய்க்கும்போது பேச்சு, தண்ணீர் காட்டும்போது பேச்சு, லாடம் பார்க்கும்போது பேச்சு. ரீம் குட்டியாக இருந்ததிலிருந்து அவன் பேச்சைத்தான் கேட்டது. அர்பாப்பின் பிள்ளைகள் அரபியில் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காது. இவன் "ஏ கழுத, வாத்தா" என்றால் ஓடி வந்து அவன் தோளில் மூக்கை வைக்கும்.

எனக்குத் தாராபுரம். எங்கள் பக்கம் மாட்டைக்கூட மரியாதையாகத்தான் பேசுவோம்.

"ஏனப்பா, பொட்டப்புள்ளைய இப்படியா வைவாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வையலண்ணே, கொஞ்சுறேன்" என்றான்.

இரண்டாயிரத்து நாலில்தான் முதல்முறை சலாலா போனோம். புஜைராவில் ஜூலையில் இரும்பைத் தொட்டால் கை வெந்துவிடும். அதே மாதத்தில் ஓமானின் அந்தக் கோடி மலைகளில் கரீஃப் என்று சொல்லும் சாரல் காலம். அர்பாப் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்குவார். குதிரைகளும் கூடவே வர வேண்டும் என்பது அவர் ஆசை. பாலைவனத்தைக் கடந்து, நடுவழியில் ஹைமா என்ற ஊரில் நிறுத்தித் தண்ணீர் காட்டி, மறுபடி ஓட்டி மலையேறினேன். ஏறியதும் கண்ணாடியில் தூறல் விழுந்தது. வைப்பர் எப்போது கடைசியாகப் போட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

சுற்றிலும் பச்சை. மரமெல்லாம் சொட்டச் சொட்ட நிற்கிறது. கூடாரத் துணியில் நீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நானும் கார்மேகமும் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாரலில் நின்றோம். கையிலிருந்த டின் பால் டீயில் மழைத்தண்ணி விழுந்து அது பாதி தண்ணியாகிவிட்டது, அப்படியே குடித்தோம். அப்படி ஒரு டீயை அதற்கப்புறம் நான் குடிக்கவில்லை.

ரீமுக்குத்தான் பிடிக்கவில்லை. மணலில் பிறந்த குதிரைக்கு மூடுபனி என்ன தெரியும்? எதிரே ஒன்றும் தெரியாமல் போனதும் நடுங்கிக்கொண்டு லாரியிலிருந்து இறங்க மறுத்தது. கயிற்றை இழுத்தால் பின்னால் போனது. கார்மேகம் கயிற்றை விட்டுவிட்டான். முன்னால் நடந்தபடி வாய் ஓயாமல் பேசினான். கமுதிச் சந்தையில் ஆடு விற்ற கதை, பெண்டாட்டியோடு போட்ட சண்டை, மழை இல்லாத ஊர்ப் புலம்பல் எல்லாம் சொன்னான். ஆள் பனியில் மறைந்துவிட்டான், பேச்சு மட்டும் கேட்டது. ரீம் அந்தப் பேச்சின் பின்னாலேயே இறங்கிப் போனது.

அதிலிருந்து மலையில் அதுதான் முறை. காலையில் அவன் பேசிக்கொண்டே நடப்பான், அது மேய்ந்துகொண்டே பின்னால் போகும். அடுத்த வருஷமும் அப்படித்தான். அவனுக்கு இருந்த நிம்மதியை இன்று நினைத்தாலும் பொறாமையாக இருக்கிறது.

அதற்கு அடுத்த வருஷம் கார்மேகத்தின் விசா புதுப்பிக்க மெடிக்கல் எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் நெஞ்சில் பழைய தழும்பு தெரிந்தது. சின்ன வயதில் வந்து ஆறிப்போன காசநோய். அர்பாப் யார் யாரையோ பார்த்தார், நடக்கவில்லை. இனி எந்நாளும் இந்த நாட்டுக்குள் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் முன் லாயத்துக்குப் போய் ரீமின் கழுத்தைத் தடவினான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் பேசவில்லை.

அந்த ஜூலையில் அவன் இல்லாமல் மலையேறினோம். பெஷாவரிலிருந்து வந்த புது ஆள் நல்ல வேலைக்காரன்தான். மூன்றாம் நாள் காலையில் ரீம் கட்டை உருவிக்கொண்டு போய்விட்டது. மலையை மூடியிருந்தது பனி. நாங்கள் தங்கிய இடத்துக்குக் கீழே செங்குத்துச் சரிவு, விழுந்தால் எலும்புகூட மிஞ்சாது.

"ரீம்! ரீம்!" என்று அர்பாப் கத்தினார். "ஆஜா பேட்டி" என்று மகளைக் கூப்பிடுகிற மாதிரிப் புது ஆள் கெஞ்சினான். எங்கேயோ குளம்புச் சத்தம் கேட்டது. எட்டு வைத்துப் போனால் அது சரிவுப் பக்கம் விலகியது. துரத்தினால் நாமே தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

அர்பாப் ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். "பழனி, காரூ எப்படிக் கூப்பிடுவான்?" என்று இந்தியில் கேட்டார். கார்மேகத்தை அவர் காரூ என்றுதான் சொல்வார்.

போனில் அவனைப் பிடிக்கலாம் என்றால் மலையில் சிக்னல் கிடையாது. நான்தான் கூப்பிட வேண்டும். "வா கண்ணு, வா சாமி" என்று எங்கள் ஊர் மாதிரி கூப்பிட்டேன். குளம்புச் சத்தம் இன்னும் தள்ளிப் போனது. வெட்கத்தை விட்டுவிட்டுக் கார்மேகம் மாதிரியே தொண்டையைக் கனைத்தேன். "ஏ கழுத! வாத்தா! இங்கிட்டு வாடி!" என்று கத்திக்கொண்டே லாரியைப் பார்த்து நடந்தேன். நின்றால் வராது, பேசிக்கொண்டே நடக்க வேண்டும். சந்தையில் ஆடு விற்ற கதையை அவனைப் போலவே சொன்னேன்.

முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. ரீம் என் தோளில் மூக்கை வைத்து முகர்ந்தது. அடுத்த நொடி என்னை விலக்கிக்கொண்டு லாரிப் பலகையில் ஏறி உள்ளே போனது. அங்கே ஆணியில் கார்மேகத்தின் பழைய நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் எடுத்துப் போடவில்லை. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. அர்பாப் அழுதார், எனக்கும் அழுகை வந்தது.

மத்தியானம் சலாலா டவுனுக்கு இறங்கி அவனுக்குப் போன் போட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"காலு கீலு நொண்டலையேண்ணே?"

"இல்லப்பா. நல்லா இருக்குது."

அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அண்ணே, அந்தச் சட்டைய சோப்புப் போட்டு நல்லாத் தொவச்சிருங்க. வாசம் இருக்க மட்டும் என்னையத் தேடும். தேடுனா தீவனம் எடுக்காது."

"நீ என்னப்பா இப்படிப் பேசுற?"

"நான் வரப் போறதில்லையேண்ணே" என்றான்.

சாயங்காலம் பக்கெட்டில் சோப்புத் தூளைக் கொட்டி, சட்டையைக் கசக்கிக் கசக்கி அலசி, பிழிந்து அதே ஆணியில் மாட்டினேன். மறுநாள் ரீம் வந்து முகர்ந்து பார்த்தது. ஒரு தும்மல் போட்டது. திரும்பிப் புல்லுக்குப் போய்விட்டது.

அன்றைக்கு அது வயிறு நிறைய மேய்ந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.