பெட்டிக்குள் வைத்த பில்லியர்ட்ஸ் தடிகள்

கணவரின் செத்தவீட்டில் நான் சண்டை பிடித்ததாகத் தர்மபுரத்தில் இன்றும் கதைக்கிறார்கள். பிடித்தேன்தான்.

வாய்க்கரிசி போட்டு முடிந்து பெட்டியை மூடப்போகும் நேரம். அவருடைய தமையன் என் அறைக்குள் போய், அலுமாரியோடு சாத்தியிருந்த பில்லியர்ட்ஸ் தடிகளை அள்ளிக்கொண்டு வந்து பெட்டிக்குள் வைத்தார்.

“தம்பி ஆசையாச் சேர்த்தது. அவனோடயே போகட்டும்.”

சேர்த்தது நான். லண்டனில் வேலை செய்த காலத்தில், மேசையில் பந்துகளைத் தடியால் தட்டிக் குழிக்குள் விழுத்தும் அந்த ஆட்டத்தைப் பழகினேன். முதல் சம்பளத்தில் வாங்கிய தடி, போட்டியில் வென்ற தடி, நுனி உடைந்தும் எறிய மனம் வராத தடி எல்லாம் அதில் இருந்தன. என் கணவர் என்னோடு ஆடி ஒருநாளும் வென்றதில்லை.

“அத்தான், கையை எடுங்கோ. அது என்ர!”

“பாவம், பிள்ளை துக்கத்தில என்னவோ கதைக்குது,” என்று அவருடைய சித்தி என்னைக் கட்டிப் பிடித்தார்.

எனக்காகச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் கிடந்தார்.

சித்தியின் கையை உதறிவிட்டுத் தடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். தடி நுனியில் பூசும் நீலச் சோக்கட்டியை, நான் ஆடும்போதெல்லாம் அவர்தான் சட்டைப்பையில் வைத்திருந்து எடுத்துத் தருவார். அதைத் தேடி எடுத்துவந்து அவருடைய பையிலேயே வைத்தேன். பிறகுதான் பெட்டியை மூட விட்டேன்.

இப்போதும் வீட்டுக்கு வருகிறவர்கள் தடிகளைப் பார்த்து, “அவற்ர ஞாபகமா வைச்சிருக்கிறியளோ?” என்று இரக்கத்தோடு கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தோற்றுத் தோற்றும், அடுத்த ஆட்டத்துக்குச் சிரித்தபடி சோக்கட்டியை நீட்டிய மனிதரைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்?