தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து பூந்தமல்லி பஸ்ஸில் உட்கார்ந்ததுமே தூங்கிவிடுவேன். குமணன்சாவடி வந்தால் தானாக விழிப்பு வந்துவிடும்.

தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் சில நாட்களாக அந்த பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டாராம். தூங்குகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

“அண்ணாத்தே, அந்தாளு பார்வையே சரியில்ல. பாக்கெட்ட பாத்துக்கோ,” என்றார் கண்டக்டர்.

ஒருநாள் நான் விழித்தபோது அவர் என் பக்கத்து சீட்டில் இருந்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“தூங்கிட்டேதானே வந்தீங்க, ஸ்டாப் வந்தது எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டார்.

மூளை ஆராய்ச்சியாம். தூங்கும்போதும் மூளை எப்படி வழியைக் கணக்கு வைத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, அதையே கம்ப்யூட்டரில் செய்து பார்க்கிறார்களாம்.

“எங்க லேபுக்கு வாங்க. தலையில வயர் ஒட்டுவோம். நீங்க சும்மா தூங்கினா போதும்.”

“தூங்குறதுக்கு ஒரு லேபு வச்சிகினு கீறீங்களா? வேற ஆளப் பாரு சார்,” என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

பையில் எல்லாம் அப்படியே இருந்தது. அவரும் அப்புறம் வரவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அந்த பஸ்ஸில் எனக்குத் தூக்கமே வரவில்லை. கண்ணை மூடினால், அடுத்த ஸ்டாப் எது என்று உள்ளே யாரோ கேட்கிறார்கள்.

அந்த ஆள் எதையோ அடித்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.