பத்துக்கு மூணு

எங்கள் அண்ணிக்குத் தையல் ஆலையில் வைத்திருக்கிற பெயர் சைரன். அறுபது மிஷின் ஒரே நேரத்தில் ஓடுகிற ஹாலில் அவள் லைன் சூப்பர்வைசர். கடைசி வரிசையில் ஒருத்தி காலரைக் கோணலாகத் தைத்தால், முதல் வரிசையில் நின்றபடியே குரல் கொடுத்து நிறுத்திவிடுவாள். வீட்டிலும் அதே குரல்தான். அவள் ஃபோன் பேசினால், "எதுக்கு வீண் செலவு, ஜன்னலைத் திறந்து பேசினாலே போதுமே" என்று அண்ணன் கிண்டல் பண்ணுவான். பேசும்போது ஒரு இடத்தில் நிற்கவும் மாட்டாள். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடப்பாள்.

அப்படிப்பட்டவள் இரண்டாவதாக உண்டாகி ஆறாம் மாதத்தில் ஒருநாள், "ஹிப்னாடிசம் கத்துக்கிட்டுப் பிள்ளை பெத்துக்கப் போறேன். கிளாஸ்ல சேர்ந்துட்டேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அண்ணன் ஒரு படி மேலே போனான். "யாரு யாரை மயக்கப் போறாங்க? பாவம், அந்த டீச்சர்தான் மயங்கி விழப்போறாங்க." அண்ணி சிரிக்கவில்லை. கூட ஒரு ஆள் வரவேண்டுமாம். பிரசவ அறையிலும் அந்த ஆள்தான் நிற்க வேண்டுமாம். அண்ணன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் ரோட்டில். "நீ வா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நானா? நான் கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கிறவள். எட்டு மணி நேரம் நின்றபடி முகவரியை வாசித்து மூட்டைக்குள் வீசுகிற வேலை. கை சும்மா இருந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். அண்ணி என்னைக் கூப்பிடுவதே 'அவசரம்' என்றுதான். என்னைப் போய்ப் பாயில் கண்ணை மூடி உட்காரச் சொன்னால்?

சனிக்கிழமை மதியம், ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் வகுப்பு. டீச்சர் முன்பு பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் இன்னும் பயம் வரும், அந்தச் சுற்றை எங்கேயாவது அறுக்க வேண்டும் என்று சொன்னார். நாலு எண்ணி மூச்சை இழுத்து, எட்டு எண்ணி விட வேண்டும். தாடையைத் தளர்த்த வேண்டும். பிறகு பத்திலிருந்து ஒன்று வரை மெல்ல எண்ணிக்கொண்டே உள்ளே இறங்க வேண்டும். கடைசியாக ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார்.

"தலைக்குள்ள ஒரு ஃபேன் ரெகுலேட்டர் இருக்குன்னு நினைச்சுக்கோங்க. வலி பத்துக்கு எத்தனைன்னு அதுல பாருங்க. ஒன்பதா? சரி. அவசரமே இல்ல. எட்டுக்குத் திருப்புங்க. ஏழுக்குத் திருப்புங்க..."

பழகுவதற்கு ஆளுக்கொரு ஐஸ் கட்டியை உள்ளங்கையில் வைத்தார். அண்ணி பத்து விநாடிகூடத் தாங்கவில்லை. "ஐயோ, கையே போச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில், கீழே வாயைத் திறந்து உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து ஓடிவிட்டதாகப் பல் டாக்டர் வந்து புகார் சொல்லிவிட்டுப் போனார்.

நான் மட்டும் என்ன வாழ்ந்தது? துணைக்கு வந்தவர்கள் ஒரு தாளைப் பார்த்து மெதுவாக வாசிக்க வேண்டும். 'உங்கள் தோள்கள் தளர்கின்றன, உங்கள் கைகள் தளர்கின்றன.' நான் ஒரே மூச்சில் முழுத்தாளையும் முடித்துவிட்டேன். அண்ணி ஒரு கண்ணைத் திறந்து, "ஏ அவசரம், என் தோளை என்ன பார்சல் கட்டி அனுப்பப் போறியா?" என்றாள். டீச்சரே சிரித்துவிட்டார்.

ஆனால் அண்ணி விடவில்லை. ஆலையில் சாப்பாட்டு இடைவேளையில் நூல்கண்டு அடுக்குகிற அறைக்குள் போய் உட்கார்ந்து பழகினாள். பஸ்ஸில் பழகினாள். பாத்திரம் துலக்கும்போது பழகினாள். ஆறாவது வாரம் ஐஸ் கட்டி அவள் கையிலேயே கரைந்து முழங்கை வழியாகச் சொட்டியது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"எத்தனை அண்ணி?"

"வச்சப்ப எட்டு. இப்ப மூணு."

சந்தோஷப்பட வேண்டியதுதானே? என்னால் முடியவில்லை. கத்துகிற அண்ணியை எனக்குத் தெரியும். இந்த அண்ணியை எனக்குத் தெரியாது. அதோடு, யாரிடமும் சொல்லாத ஒன்று எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்பு, மூத்தவன் பிறந்தபோதும் பிரசவ அறை வாசலில் நான்தான் நின்றேன். முதல் வலியிலிருந்தே அண்ணி கத்த ஆரம்பித்துவிட்டாள். அந்த மாடியே அதிர்ந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. ஒரு கட்டத்தில், "என்னமோ ஆகுது, யாராவது வாங்களேன்" என்று அண்ணி அலறினாள். அப்போது வெளியே வந்த நர்ஸ் என்னிடம், "இவங்க எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார். நான் பல்லை இளித்துக்கொண்டு சொன்னேன்: "ஆமா சிஸ்டர், அவங்க சுபாவமே அப்படி. நீங்க கண்டுக்காதீங்க."

அந்த நர்ஸும் கண்டுகொள்ளவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார். இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தபோது பிள்ளையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. நீலம் பாரித்துப் பிறந்து, பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். பிழைத்துவிட்டான். இன்று ஃபிரிட்ஜ் மேல் ஏறி உட்காருகிற வாலு. ஆனாலும் அவனுக்கு ஒரு இருமல் வந்தால் போதும், எனக்கு அந்த வார்த்தைதான் காதில் கேட்கும். வகுப்பின் முதல் நாள், எதற்காக வந்தீர்கள் என்று டீச்சர் கேட்டபோது, "கத்தினா யாரும் வர்றதில்ல டீச்சர். அதனால கத்தாம பெத்துக்கணும்" என்றாள் அண்ணி. நான் பாயில் இருந்த கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, நான் ஆபீஸில் இருந்தபோது, அண்ணியிடமிருந்து ஃபோன் வந்தது. "அவசரம், வண்டி ஒண்ணு புடிச்சிட்டு வா." குரல் அவ்வளவு தணிந்திருந்ததால் ராங் நம்பர் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. மூத்தவனை அண்ணியின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். போன தடவை போன இடம் இல்லை, வேறு.

பிரசவ வார்டு வாசலில் ஒரு மேஜை. அதன் பின்னால் சின்ன வயது நர்ஸ் ஒருத்தி, கையில் படிவம். அண்ணி உட்காரவில்லை. சுவரில் ஒரு விரலை வைத்து இழுத்துக்கொண்டே நடந்தாள். நடுநடுவே நின்றாள். நிற்கும்போது கண் பாதி மூடும், உதடு தொங்கும், எட்டு எண்ணி மூச்சு வெளியே போகும். மறுபடி நடப்பாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்றாள்.

"வலி பத்துக்கு எத்தனைம்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"மூணு" என்றாள் அண்ணி.

நர்ஸ் மூணு என்று எழுதினாள். வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "இப்பதான் ஆரம்பம். உள்ள பெட்டும் இல்ல. வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலமா வாங்க."

"சரி" என்றாள் அண்ணி. பிறந்ததிலிருந்து யாரிடமும் ஒரு தடவைகூட உடனே சரி என்று சொல்லாதவள், பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள்! நான் மேஜையின் மேல் குனிந்தேன்.

"சிஸ்டர், அது நிஜ மூணு இல்ல. திருப்பி வச்ச மூணு."

"என்னது?"

"பத்தா இருக்கிறதை மூணாக் கொறைச்சு வச்சிருக்காங்க."

"யாரு கொறைச்சது?"

"அவங்களேதான். தலைக்குள்ள ரெகுலேட்டர் இருக்கு."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே உறைத்தது. நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ரொம்ப அன்பாக, "நீங்க கொஞ்சம் உட்காருங்கக்கா. தண்ணி குடிக்கிறீங்களா? பேஷண்ட் நல்லாத்தான் இருக்காங்க. நீங்கதான் படபடன்னு இருக்கீங்க" என்றாள். அமைதியாக நின்ற அண்ணியைக் காட்டி என்னிடம் கேட்டாள்: "இவங்க எப்பவும் இப்படித்தானா?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"இல்ல!" என்று கத்தினேன். "எப்பவும் இப்படி இல்ல! கால்ல முள்ளு குத்தினா தெருவையே கூட்டுற பொம்பளை இவங்க. வாயைத் திறக்காம நிக்கிறாங்கன்னா உள்ள ஏதோ பெருசா நடக்குது. மூத்த பிள்ளைக்குக் கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. கத்தினதுக்கும் யாரும் வரல, கத்தலைன்னாலும் வரமாட்டீங்களா? அப்ப அவங்க என்னதான் செய்யணும்? உள்ள கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. பார்த்துட்டு வேணும்னா என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளியில தள்ளுங்க!"

மேஜையில் ஓங்கித் தட்டியதில் பேனாக்கள் எல்லாம் தரையில் சிதறின. வாட்ச்மேன் ஓடி வந்து என் கையைப் பிடித்தார். நான் உதறிவிட்டேன். வராந்தாவே என்னை வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து தலை நரைத்த டாக்டரம்மா வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படிக்கட்டு முனையில் சுவரைப் பிடித்து நின்ற அண்ணியின் தோளைத் தொட்டு, மறைப்புக்குள் அழைத்துப் போனார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"தலை தெரியுது! கையுறை எடு, சீக்கிரம்!"

நானும் உள்ளே ஓடினேன். ஒன்பது நிமிஷத்தில் பிள்ளை வந்தது. நான் வாசிக்க வேண்டிய தாள் எங்கே போனதென்று தெரியாது. மனப்பாடமாக இருந்ததும் மறந்துவிட்டது. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கதான் இருக்கேன் அண்ணி, இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். தலை வெளியே வந்ததும் டாக்டரம்மா கையை நிறுத்தினார். இந்தத் தடவையும் கழுத்தில் கொடி, ஒரு சுற்று. எனக்கு உயிர் போய்விட்டது. அவர் விரலைக் கொடுத்து நெம்பி, சட்டை கழற்றுகிற மாதிரி அதைத் தலைவழியாக எடுத்துப் போட்டார். பெண் பிள்ளை. வந்ததும் அழுதாள்.

அந்தச் சின்ன நர்ஸ் பிறகு என்னிடம் வந்து, "மூணுன்னு சொன்னாங்களேக்கா..." என்று இழுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் யார் திட்டுவதற்கு?

மதியம் வார்டில் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். துண்டை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"கொஞ்சம் உட்காரு, எனக்குத் தலை சுத்துது" என்றாள் அண்ணி.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். போன தடவை நர்ஸ் கேட்டது, நான் இளித்தது, கண்டுக்காதீங்க என்றது, எல்லாம். 

அண்ணி பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"கதவு ஓரத்துலதானே படுத்திருந்தேன். நீ சிரிச்சது வரைக்கும் கேட்டுச்சு."

நாலு வருஷம். இத்தனை நாள் ஒரே வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறாள்.

"அப்புறம் ஏன் அண்ணி என்னைக் கூட்டிட்டுப் போனீங்க? உங்க அக்கா இருக்காங்களே."

"எங்க அக்காவா இருந்தா, சிஸ்டர் சொன்னதும் சரின்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருப்பா. நீ இன்னொரு தடவை விட்டுட மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

"என் மேல கோபம் இல்லையா?"

"ஏன் இல்லாம? ரெண்டு வருஷம் உன் மூஞ்சியப் பார்க்கவே புடிக்கல. இப்பவும் கொஞ்சம் இருக்கு." பிள்ளையை என் பக்கமாக நீட்டினாள். "முதல்ல இவளைப் புடி, கை மரத்துப் போச்சு."

நான் வாங்கிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அழுதேன்.