ஒரு தம்பிக்காக ஒன்பது வருடக் குஸ்தி

மற்றவர்கள் பரணில் எறிந்த பொம்மையைத் தேடிப் போய் வாங்குகிறவனுக்கு ஊரில் பைத்தியம் என்ற ஒரே பட்டம்தான் கிடைக்கும். உங்களில் யாராவது அந்தப் பட்டத்தை வாங்கியிருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நான் சேகரிப்பது பழைய குஸ்தி வீரர் பொம்மைகள். சூரமங்கலத்து வீட்டில் நாற்பது பேர் முஷ்டியை உயர்த்தி நிற்கிறார்கள். ஆனால் என் உயிர் இருந்தது ஒரு ஜோடியில். சேர்ந்தே சண்டை போடும் அண்ணன் தம்பி. அண்ணன் என்னிடம் இருந்தான், பெட்டி பிரிக்காமல். தம்பிக்காக ஒன்பது வருடம் அலைந்தேன்.

பிரிக்காத பெட்டி

எங்கள் உலகில் பெட்டியைப் பிரித்தால் மதிப்பு போயிற்று. காசு கொடுத்து வாங்கிவிட்டு, தொடாமல் வெளியே நின்று பார்க்க வேண்டும். ராசிபுரத்திலிருந்து நெய்யோடு வந்த மச்சினனுக்கு இது தெரியாது. நான் குளித்துவிட்டு வந்தபோது அண்ணன் மேசைமேல் நின்றான், பெட்டி குப்பைக்கூடையில் கிடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சினன் கையில் கத்தியோடு சிரித்தான்: "கத்தி கெடைக்காமத்தான் இத்தன வருசமா அப்படியே வச்சிருந்தீங்களாட்ட இருக்குது மாமா. நானே பிரிச்சு உட்டுட்டேனுங்க!"

தலை தனி, உடம்பு தனி

ஆத்தூரில் ஒரு பழைய பிளாஸ்டிக் கடைக்குக் குஸ்தி பொம்மைகள் மூட்டையாக வந்திருப்பதாகத் தகவல். தம்பி கட்டாயம் இருப்பான் என்று முதல் பஸ்ஸில் ஓடினேன்.

மூட்டை ஒன்றல்ல, இரண்டு. தலை ரப்பராம், உடம்பு கெட்டி பிளாஸ்டிக்காம். உருக்குகிற இடத்தில் கலந்து எடுக்க மாட்டார்களாம். அதனால் கடைக்கார பாய் பொறுமையாக உட்கார்ந்து எல்லார் கழுத்தையும் திருகிப் பிரித்து வைத்திருந்தார். மத்தியானம் வரை தலைகளைக் கிளறினேன். தம்பி இல்லை. "முழுசா வச்சிருக்கக் கூடாதா பாய்?" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "தலையும் உடம்பும் சேர்ந்திருந்தா எவன் தம்பி எடுப்பான்?"

டேஷ்போர்டு சாமி

கடைசியில் தம்பியைக் கண்டது நாமக்கல்லில், பாடி கட்டும் பட்டறையில் நின்ற ஒரு லாரியின் டேஷ்போர்டில். நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் கதம்பம். மீசையையும் ஓங்கிய கையையும் பார்த்து டிரைவர் அவனை முனியப்பனாக்கிவிட்டார். கற்பூரம் காட்டாமல் வண்டி எடுப்பதில்லையாம்.

என் வீட்டு அண்ணனின் படத்தை போனில் காட்டி, ஜோடி சேர்க்க வேண்டும், கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கும்பிட்டார். பிறகு கோபமாகக் கேட்டார்: "ஏனுங்க, பெரியவர ஊட்டுல அடைச்சு வச்சுப்போட்டு சின்னவரக் கேக்கறீங்களா? அவர இங்க கொண்டாங்க சாமி. இவரு எத்தன நாளைக்கு ஒண்டியா வண்டியக் காப்பாத்துவாரு?"

ஜோடி சேர வேண்டும் என்று கெஞ்சியது நான்தானே. அடுத்த வாரம் அண்ணனையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆக, ஒன்பது வருடம் அலைந்து ஜோடியைச் சேர்த்தே விட்டேன். என்ன, பார்க்க ஆசை வந்தால் லாரி நாக்பூரிலிருந்து திரும்புகிற வரை காத்திருக்க வேண்டும்.