மதகடியில் காய்ந்த நெல்

எங்கள் குளத்து வளைவில் இருக்கும் மதகின் கட்டுக்கு ஒரு மூலை இல்லை. அறுபது வருடமாக இல்லை. போர் வந்து போனது, றோட்டுக்குப் புதுத் தார் வந்தது, அந்த உடைவை மட்டும் ஒருவரும் பூசவில்லை. அதைக் காணும்போதெல்லாம் மூன்று பேர்மீது எனக்கு எரிச்சல் வரும். மரம் அரிந்து விற்கும் மரக்காலை முதலாளி, றோட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர், மூன்றாவது ஆள் நான்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வழியில், குளக்கட்டு முடிகிற இடத்தில் றோட்டு முழங்கைபோல் மடங்கும். அறுவடை முடிந்தால் அங்கே றோட்டில் பாதி நெல்லுக்கு, பாதி வாகனத்துக்கு. எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை. ஆனால் பஸ் றைவருக்கும் தெரியும், மாட்டுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் முதலாளிதான். முதிரை மரக் குற்றிகளைத் துண்டாக்கினால் விலை விழுந்துவிடும் என்று தன் லொறியின் பின்பக்கத்தை வெட்டி ஒட்டி நீட்டியிருந்தார். அதற்கும் வெளியே குற்றிகள் நீண்டிருக்கும். நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் தன் கடமை முடிந்தது என்பது அவருடைய நினைப்பு. அப்படி நீட்டிய லொறியை இரண்டொரு தரம் ஓட்டியும் பார்த்துவிட்டு, எங்கள் றோட்டில் தொடர்ந்து ஓட்ட அனுமதியும் கேட்டிருந்தார்.

ஊரில் எல்லோரும் வாய்க்குள் முணுமுணுத்தோம். வெளியே சொன்னவர் மாமி ஒருவர்தான். அப்பாவின் தங்கை. வடமராட்சியிலிருந்து குடியேற்றக் காணிக்கு வந்து, புருசன் காய்ச்சலில் போனபின்னும் மூன்று ஏக்கர் வயலைத் தனியாகச் செய்தவர். மதகடியில்தான் அவருடைய நெல் காயும். "உந்த லொறியின்ரை தலை போனாப் பிறகும் வால் கிடந்து வீசுது. ஆரையும் அடிச்சுப்போட்டுத்தான் விடும். ஒரு பெட்டிசம் எழுது தம்பி" என்றார். நான் அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த வாத்தியார். என் இங்கிலீசைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? றோட்டு இலாகாவுக்கு இரண்டு பக்க மனு எழுதினேன். ஓவசியர் தானே வந்து, லொறியை ஓடவிட்டுப் பார்ப்பதாகப் பதில் வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த மடைத்தனத்தை வேறு எந்த ஊரும் செய்திருக்காது. ஓவசியர் துரை வருகிறார் என்றதும் ஊருக்கே பித்துப் பிடித்தது. முதல்நாள் முழுவதும் றோட்டில் கிடந்த நெல்லை அள்ளினோம். வண்டில்களை இழுத்து வளவுகளுக்குள் விட்டோம், மாடுகளைக் கலைத்தோம், குழிகளுக்குக் கிரவல் போட்டுத் தண்ணீரும் தெளித்தோம். மதகுக்குத் தென்னோலைத் தோரணம்கூடக் கட்டினோம். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவன் நான். மாமி மட்டும் தன் நெல்லின்மேல் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்துவிட்டார்.

"பெட்டிசம் எழுதின நீயே றோட்டைக் கூட்டுறியோ? கிடக்கிறபடி கிடக்கட்டும். அந்த மனுசன் உள்ளதைப் பாக்கட்டும்."

"ஊர் மானம் போகுது மாமி, எழும்புங்கோ" என்று அவரை எழுப்பிவிட்டு, அந்த நெல்லை நானே சாக்கில் அள்ளிக் கட்டினேன்.

மறுநாள் லொறி குற்றிகளோடு வந்தது. வெறுமையாய்க் கிடந்த முழு றோட்டையும் எடுத்துக்கொண்டு ஆறுதலாக வளைந்தது. வால் எங்கும் முட்டவில்லை. ஓவசியர் நாங்கள் வெட்டிக் கொடுத்த செவ்விளநீரைக் குடித்துவிட்டு, "இவ்வளவு அகலமான றோட்டிலை என்ன பயம் மாஸ்டர்?" என்றார். முதலாளி சிரித்தார். மாமிதான், "நாளைக்கு வந்து பாருங்கோ ஐயா" என்று சத்தம் வைத்தார். அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. அனுமதியும் கிடைத்துவிட்டது.

நாலாம் நாள் காலை, நெல் எல்லாம் பழையபடி றோட்டில் பரவியிருந்தது. லொறி வந்தது. மாமி ஒதுங்கி மதகோடு நின்றார். தலை கடந்ததும், போய்விட்டது என்று காலால் நெல்லைத் துழாவப் போயிருக்கிறார். வால் வீசி வந்து மதகின் மூலையையும் அவருடைய வலது காலையும் சேர்த்து அடித்தது. வவுனியா ஆசுப்பத்திரியில் காலை முழங்காலோடு எடுத்தார்கள். மூன்று ஏக்கரும் குத்தகைக்குப் போனது.

முதலாளி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்க வந்தார். "கவனமில்லாமல் நிண்டிட்டியள் அம்மா" என்று அவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. "முன்னுக்கு வாறதைப் பாத்தனான். பின்னுக்கு வாறதை ஆர் பாக்கிறது? பழத்தைக் கொண்டுபோ" என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒவ்வொரு அறுவடைக்கும் நான் அனுப்பும் நெல் மூட்டை, போன வண்டிலிலேயே திரும்பி வரும். சாகிற வருடம் ஒருநாள் மட்டும் சொன்னார்: "நீ எழுதினது நல்ல பெட்டிசம் தம்பி. பிறகு நீயே அதை நெல்லோடை சேத்துக் கூட்டி அள்ளிப்போட்டாய்."

இப்போது அதைவிட நீளமான லொறிகளை விடப்போகிறார்களாம். வளைவைப் பார்க்க நாளைக் காலை அதிகாரிகள் வருகிறார்கள். ஊர்ச் சங்கத்துப் பிள்ளைகள் இன்று என்னிடம் வந்து, "ஐயா, மதகடியிலை காயிற நெல்லை எல்லாரும் அள்ளினால் வடிவாயிருக்கும், ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார்கள். அவர்கள் போனதும் மகனைக் கூப்பிட்டு, வீட்டில் இருக்கிற நெல் முழுவதையும் விடிந்ததும் மதகடிக்கு ஏற்றச் சொன்னேன். இருக்க ஒரு கதிரையும் கொண்டுவரட்டோ என்று கேட்டான், வேண்டாம் என்றுவிட்டேன். மாமி இருந்த மாதிரி, அந்த உடைந்த மூலைக்குப் பக்கத்தில், நெல்லின்மேலேயே இருக்கப்போகிறேன்.