வளைந்த மணிக்கூண்டு

ஓவியக் காப்பகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி அக்கா என்று பெயர். மூக்கு தாளில் படாத குறையாகக் குனிந்து, படத்தின் மூலையில் எறும்பளவு நிற்கும் ஆளின் தொப்பியைக்கூட விடாமல் எழுதிவைப்பாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் வேலை. இப்போது மேசைமேல் இருந்தது பதினெட்டாம் நூற்றாண்டு நீர்வண்ண ஓவியர் ஒருவரின் தொகுப்பு. மலையும் ஆறுமாக ஒரு பாதி. ஊர் ஊராகப் போய் வரைந்த தெருக்களும் பாலங்களும் மறு பாதி. ஒவ்வொன்றையும் உறையிலிருந்து எடுத்து அளந்து, என்ன வரைந்திருக்கிறது, எங்கே கறை, எங்கே கிழிசல் என்று பட்டியலில் ஏற்றவேண்டும்.

மலைகளும் ஆறுகளும் தொல்லையில்லாமல் முடிந்தன. நகரங்களுக்கு வந்ததும், ஒரு சந்தைச் சதுக்கத்தில் மணிக்கூண்டு இடுப்பில் வளைந்து நின்றது. மனுஷருக்கு அன்று கை சரியில்லை போலிருக்கிறது என்று தனக்குள் சிரித்துக்கொண்டு, 'கோடுகளில் தடுமாற்றம்' என்று எழுதினாள். அடுத்த படத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெளிந்தது. அதற்கும் அதையே எழுதினாள்.

படமெடுக்க வந்த புகைப்படக்காரன் பட்டியலைப் படித்துவிட்டு ஓவியத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எங்கக்கா தடுமாற்றம்? ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரில்ல இருக்கு."

கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கி, மணிக்கூண்டை ஒட்டி நேர்கோடு ஒன்றைப் போட்டுக் காட்டினான். அவள் பார்த்தாள். மணிக்கூண்டு வளைந்திருந்தது. அவன் போட்ட கோடும் அதோடு சேர்ந்து வளைந்திருந்தது.

வெளிச்சம் சரியில்லை என்று எதையோ சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போனாள். சுவரில் பதித்த ஓடுகளை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தாள். இடது கண்ணுக்கு எல்லாம் ஒழுங்கு. வலது கண்ணுக்கு நடுவில் துணியைப் பிழிந்த மாதிரி சுருங்கியிருந்தன.  கைக்கடிகாரம் பழுதுபார்த்த அவள் அப்பாவும் பார்வை கெட்டதைப் பற்றி வீட்டில் யாரிடமும் மூச்சுவிடாமல் இருந்தார். ஒருநாள் டம்ளருக்கு வெளியே தண்ணீரை ஊற்றினார். அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அதன்பின் அவர் தொழிலுக்குப் போகவேயில்லை.

அவளும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பஸ்ஸில், சமையலறையில், எங்கே நேர்கோடு தென்பட்டாலும் ஒரு கண்ணை மூடிச் சோதித்தாள். லாரி மெக்கானிக்கான அவள் கணவன் ஒரு சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டான்.

"என்ன, இந்த வயசுல கண்ணடிக்கிற?"

சிரிக்கத் தொடங்கியவள் அழுதுவிட்டாள்.

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சுங்க."

அவன் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "உங்கப்பாவுக்கு வந்தது என்னன்னு யாராச்சும் டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. மறுநாளே கிளம்பினார்கள்.

கண்ணின் விழித்திரையில் கசிவு என்றார் மருத்துவர். முன்பே வந்திருக்கலாம், இப்போதும் கெட்டுப்போகவில்லை, கண்ணுக்குள் ஊசி போட்டால் மேலும் போகாமல் நிறுத்தலாம், போனது முழுசாகத் திரும்பும் என்று மட்டும் சொல்லமுடியாது என்றார்.  கணவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நர்ஸின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. ஊசி வலிக்கவில்லை, வலிக்கப்போகிறது என்று காத்துக் கிடந்ததுதான் உயிரை எடுத்தது.

தொகுப்பைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான் காப்பகத் தலைவியிடம் உண்மையைச் சொன்னாள்.  அந்த அம்மா நகரப் படங்களைப் புகைப்படக்காரனோடு சேர்ந்து பார்க்கச் சொன்னார். அவன் கோடுகளைச் சொல்ல, அவள் மற்றதையெல்லாம் சொல்ல, பட்டியல் முடிந்தது.

ஊசிகள் தொடர்கின்றன. நெளிவு குறைந்திருக்கிறது, போகவில்லை. நெளிவு கூடுகிறதா என்று வீட்டிலேயே பார்க்க மருத்துவர் கொடுத்த கட்டம்போட்ட தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. தினமும் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அதன்முன் நிற்பாள். 

"நேத்து மாதிரியேதானா?" என்பான் கணவன்.

"இருங்க, பாக்குறேன்," என்பாள்.